ஐந்தெழுத்துச் சொற்களும் ஆங்கிலக் கல்வியும்

‘ஐந்தெழுத்து’ என்றவுடன் சைவ நன்மக்கள் நெஞ்சில் தோன்றுவது ‘நமசிவாய’ என்னும் திருமந்திரமே. எங்கள் பெரியகல்லாற்றிலும் அந்தி மயங்கும் வேளையில் விளக்கேற்றி ஐந்தெழுத்தை ஓதும் வழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. ஆயினும், அதே வேளையில் இப்போது வேறோர் ஐந்தெழுத்தும் ஓதப்படுகின்றது. கிழக்கே கடலும் மேற்கே மட்டக்களப்பு வாவியும் நெருங்கிவர, இடையே ஒடுங்கிக் கிடக்கும் எங்கள் ஊரின் மணல் ஒழுங்கைகளில் மாலைப்பொழுதில் நடப்பவர் அதனைக் கேட்கலாம்: ‘நைட், லைட், ஃபைட், ரைட், சைட், மைட், டைட்...’

சில வாரங்களுக்கு முன் அயல் வீட்டுச் சிறுமி ஒருத்தி திண்ணையிலிருந்து இவ்வாறு உருப்போட்டுக்கொண்டிருந்தாள். ஆறாம் வகுப்பிற் படிப்பவள், கெட்டிக்காரி. கையில் ஒரு தாள்.

“என்ன புள்ள படிக்கிறாய்?” என்று கேட்டேன்.

“இங்கிலீசுச் சொல் சேர். எல்லாம் அஞ்செழுத்து. கடைசி நாலெழுத்தும் ஒண்டுதான். நாளைக்குச் சொல்வதெழுதல் இருக்கு” என்றாள்.

தாளை வாங்கிப் பார்த்தேன். ஐ, ஜி, எச், டி என்னும் நான்கெழுத்துகளை ஈறாகக் கொண்ட ஐந்தெழுத்துச் சொற்கள் எட்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிடப்பட்டிருந்தன. பொருள் எழுதப்படவில்லை, வாக்கியம் ஒன்றேனும் இல்லை. “மைட் எண்டால் என்ன?” என்று கேட்டேன். அவள் சிறிதும் தயங்காமல், “அது கேக்க மாட்டாங்க சேர். எழுத்துப் பிழையில்லாம எழுதினாச் சரி” என்றாள்.

எட்டாவது சொல்லை வாசிக்கச் சொன்னேன். ஏனைய ஏழனையும் வாசித்த முறையிலேயே அதனையும் ‘ஐட்’ என்று வாசித்தாள். உண்மையில் அச்சொல் எட்டு என்னும் எண்ணைக் குறிப்பது. ‘எயிட்’ என்று ஒலிப்பது. ஒன்று முதல் நூறு வரை ஆங்கிலத்தில் தடையின்றி எண்ணத் தெரிந்த பிள்ளை அவள். வாயால் நாளும் சொல்லும் ஒரு சொல், பட்டியலில் வந்து நின்றபோது அவளுக்கு முன்பின் அறியாத ஒன்றாகிவிட்டது. இந்த நிகழ்ச்சியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

ஒரே எழுத்துக் கோலமும் ஒரே நீளமும் உடைய ஆங்கிலச் சொற்களைத் தொகுத்து மாணவரை மனனஞ் செய்விக்கும் வழக்கம் நம்மிடையே வளர்ந்து வருகின்றது. இதனை முற்றாகப் பழிப்போர் ஒருசாரார். இதுவே ஆங்கிலம் கற்கக் குறுக்கு வழி என்று போற்றுவோர் மற்றொருசாரார். இருசாராரும் பாதி உண்மையையே காண்கின்றனர் என்பது எனது கருத்து. எழுத்தொற்றுமை நினைவுக்கு நல்ல துணை; ஐயமில்லை. ஆனால் பொருளையும் ஒலியையும் விட்டுத் தனித்து நிற்கும் எழுத்தொற்றுமை பிள்ளையை மொழியின் வாயிலில் நிறுத்தி வைக்குமேயன்றி உள்ளே அழைத்துச் செல்லாது.

எதுகை தந்த கல்வி

சொற்களை எழுத்தொப்பு நோக்கி அடுக்குவது நமக்குப் புதிதன்று. முதலெழுத்து அளவொத்து நிற்க, இரண்டாமெழுத்து ஒன்றி வருவதை எதுகை என்பர் யாப்பு நூலார். ‘பட்டு’ என்பதற்குக் ‘கட்டு’ எதுகையாகும், ‘பாட்டு’ ஆகாது. ஏனெனில் முன்னதன் முதலெழுத்துக் குறில். பின்னதன் முதலெழுத்து நெடில். எழுத்தும் ஒத்தல் வேண்டும். அளவும் ஒத்தல் வேண்டும். இன்று ஆங்கிலப் பட்டியல் செய்வோர் கொள்ளும் இரண்டு நிபந்தனைகளும் இவையே அல்லவா? அடியின் இறுதியில் எழுத்து ஒன்றுவதை இயைபு என்றனர். ஆங்கிலக் கவிஞர் பெரிதும் விரும்பியது இந்த இயைபையே. நம்மவர் பெரிதும் போற்றியது எதுகையை. அவர்கள் சொல்லின் வாலைப் பிடித்தனர். நாம் தலையருகே பிடித்தோம். வேற்றுமை அவ்வளவே.

எதுகையை நம் முன்னோர் செய்யுளுக்கு மட்டும் பயன்படுத்தினாரல்லர்; அகராதிக்கும் பயன்படுத்தினர். மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு பன்னிரண்டு தொகுதிகளை உடையது. அவற்றுள் பதினோராவது, ஒரு சொல்லுக்கு வரும் பல பொருள்களைக் கூறுவது. அத்தொகுதியிலே சொற்கள் எதுகை முறையில் அமைந்துள்ளன. பதினோராம் நிகண்டை மனனஞ் செய்யாதவன் தமிழ் கற்றவனாகக் கருதப்படாத காலமும் ஒன்றிருந்தது. ஆறுமுக நாவலர் 1849 இல் அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்குச் சென்றபொழுது அங்கேயே பதிப்பித்த நூல்களுள் சூடாமணி நிகண்டுரையும் ஒன்று என்பதை நினைத்தால், அந்நூல் கல்வியில் வகித்த இடம் புலனாகும்.

சொற்களை முதலெழுத்து முறையில் அடுக்கும் அகராதி நிகண்டைச் சிதம்பர ரேவண சித்தர் 1594 இல் இயற்றினார். வீரமாமுனிவர் 1732 இல் செய்த சதுரகராதியோ பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளை உடையது. அவற்றுள் நான்காவதாகிய தொடையகராதி எதுகைச் சொற்களைத் திரட்டித் தருவது. இங்கிலாந்திலும் இத்தகைய முயற்சி இருந்தது. பீட்டர் லெவின்ஸ் என்பவர் 1570 இலேயே ஆங்கிலச் சொற்களை ஈற்றெழுத்து நோக்கி அடுக்கி, அவற்றுக்கு நேரான இலத்தீன் சொற்களையும் தந்து ஒரு நூல் செய்தார். ஜோன் வோக்கர் 1775 இல் வெளியிட்ட இயைபகராதி நெடுங்காலம் கவிஞர் கைந்நூலாய் விளங்கியது. கற்றோர் நாடிய வழியே இது. ஆதலின், ‘ஒரே மாதிரியான சொற்களை அடுக்கிப் படிப்பது வெறும் கிளிப்பிள்ளைத்தனம்’ என்று ஒரே வீச்சில் ஒதுக்குதல் பொருந்தாது.

எங்கள் மட்டக்களப்பு நாட்டைப் பாருங்கள். எழுத்தறியாத தாய்மாரும் வயலிலும் வாவிக் கரையிலும் எதுகையும் மோனையும் அமைந்த கவிகளைப் பாடினர். ஏட்டைக் கண்டறியாதார் நாவில் நூற்றுக்கணக்கான கவிகள் நின்றமைக்கு, அவற்றின் ஓசையும் சொல்லொப்பும் பெருந்துணை புரிந்தன. ஓர் அடியின் முதற்சொல் அடுத்த அடியின் முதற்சொல்லைக் கைபிடித்து அழைத்து வரும். நினைவு இவ்வாறு இயங்குவது மனித இயல்பு. அந்த இயல்பை ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் பயன்படுத்துவதில் குற்றம் யாது?

நிகண்டிலிருந்தது, பட்டியலில் இல்லாதது

குற்றம் வேறிடத்தில் இருக்கின்றது. நிகண்டு கற்ற மாணவன் சொல்லைத் தனியே கற்றானல்லன். ‘அரி’ என்னும் ஈரெழுத்துச் சொல்லைக் கற்கும்போதே அது திருமாலையும் சிங்கத்தையும் வண்டையும் பகையையும் குறிக்கும் என்பதையும் உடன் கற்றான். எதுகை என்பது கிணற்றுக் கயிறு, பொருளே நீர். கயிறு எவ்வளவு உறுதியாயிருப்பினும் வாளி கட்டாத கயிற்றைக் கிணற்றில் இறக்குவார் உண்டோ? இன்று நம் பிள்ளைகள் கையில் கொடுக்கப்படும் தாள்களிற் பல வாளி கட்டாத கயிறுகளே.

இன்னுமொரு வேறுபாடு உண்டு. அது இரு மொழிகளின் இயல்பைப் பற்றியது. தமிழிலே எழுத்து ஒத்தால் ஒலியும் ஒக்கும். ககரத்துக்குப் பல ஒலிகள் உண்டே என்று சிலர் வினவலாம். உண்மைதான், ‘கல்’ என்பதில் வன்மையாகவும், ‘சங்கு’ என்பதில் மெலிந்தும், ‘பகல்’ என்பதில் மேலும் நெகிழ்ந்தும் அது ஒலிக்கின்றது. ஆனால் அந்த மாற்றம் எழுத்து நிற்கும் இடத்தைப் பொறுத்தது. இடம் தெரிந்தால் ஒலி தெரியும். ஆறு வயதுப் பிள்ளையும் எவரும் சொல்லிக்கொடாமலே இதனை அறிந்து வாசிக்கின்றது. இப்பழக்கத்தோடு ஆங்கிலத்துக்கு வரும் தமிழ்ப் பிள்ளை, அங்கும் எழுத்தை நம்புகின்றது. அந்த நம்பிக்கையே அதனை ஏமாற்றுகின்றது.

சிறுமியின் தாளைத் திருப்பிப் பார்த்தேன். மறுபக்கத்தில் மற்றொரு பட்டியல்: ஓ, யூ, ஜி, எச் என்னும் நான்கெழுத்துகளில் முடியும் ஐந்தெழுத்துச் சொற்கள் ஐந்து. முதலாவது கடினமானது என்னும் பொருளுடைய ‘டஃப்’. அடுத்தது கரடுமுரடானது என்னும் பொருளுடைய ‘ரஃப்’. மூன்றாவது இருமலைக் குறிப்பது. அது ‘கொஃப்’ என்று ஒலிக்கும். நான்காவது பிசைந்த மா. அதனை ‘டோ’ என்பர். ஐந்தாவது மரக்கொம்பு, அது ‘பௌ’ எனப்படும். ஐந்து சொற்கள், ஐந்துக்கும் நீளம் ஒன்று, ஈற்று நான்கெழுத்தும் ஒன்று, ஆனால் அந்த ஈற்றுக்கு ஒலி நான்கு! முதற்சொல்லைச் சரியாகப் படித்த சிறுமி, எஞ்சிய நான்கையும் அதே ஈற்றொலி கொடுத்தே படித்து முடித்தாள். அவளைப் பார்த்து நகைக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் பிழைவிடவில்லை, பட்டியல் சொல்லாமற் சொன்ன விதியை ஒழுங்காகப் பின்பற்றினாள். ஒரே கோலத்தில் அடுக்கிக் கொடுத்தால் ஒரே ஒலி என்றுதானே எந்தப் பிள்ளையும் கொள்ளும்?

ஒலி போயிற்று, எழுத்து நின்றது

இந்த விபரீதம் எங்ஙனம் நேர்ந்தது? பழைய ஆங்கிலத்தில் இச்சொற்களின் ஈற்றில் தொண்டையை உரசி எழும் ஓர் ஒலி இருந்தது. ஜேர்மானிய மொழியில் இரவைக் குறிக்கும் ‘நாஹ்ட்’, ஒளியைக் குறிக்கும் ‘லிஹ்ட்’ ஆகிய சொற்களில் அதன் உறவொலி இன்றும் உயிரோடு இருக்கின்றது. பிரெஞ்சுப் பயிற்சி பெற்ற எழுத்தாளர்கள் அவ்வொலியை ஜி, எச் என்னும் இரட்டையெழுத்தால் குறிக்கலாயினர். வில்லியம் காக்ஸ்டன் 1476 இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவினார். அச்சு வந்தபின் எழுத்துக்கோவை மெல்லமெல்ல ஒரு நிலையில் உறைந்தது. மக்கள் நாவோ எவருக்கும் கட்டுப்படாமல் மாறிக்கொண்டே சென்றது. தொண்டையொலி சில சொற்களில் முற்றாக மறைந்தது. சிலவற்றில் இதழும் பல்லும் கூடி எழும் ஃபகர ஒலியாகத் திரிந்தது. முன்னிருந்த உயிரொலியும் சொல்லுக்குச் சொல் வெவ்வேறாக மாறிற்று. எழுத்து மட்டும் பழைய வீட்டுப் பெயர்ப்பலகை போல அங்கேயே நின்றுவிட்டது.

தமிழ் மாணவனுக்கு இதனை விளக்க நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. நம்மிடம் ஆய்தம் உண்டு. ‘அஃது’ என்றும் ‘எஃகு’ என்றும் எழுதுகின்றோம். பேச்சில் ‘அது’ என்கின்றோம். ஆய்தம் ஒலிக்காமற் போய்விடுகின்றது. எனினும் எழுத்தில் அதனைக் காத்து வருகின்றோம். ஆங்கிலேயர் தம் ஜி, எச் இரட்டையை ஏன் விடாதிருக்கின்றனர் என்பதை, ஆய்தம் எழுதப் பழகிய நம் பிள்ளைகளைப் போல எளிதில் உணரக்கூடியவர் யார்?

இத்துன்பத்தை ஆங்கிலேயரும் அறியாதவரல்லர். அமெரிக்க அகராதிகாரர் நோவா வெப்ஸ்டர் சில சொற்களின் எழுத்தைச் சுருக்க முயன்று ஓரளவு வெற்றியுங் கண்டார். கலப்பையைக் குறிக்கும் சொல்லை அமெரிக்கர் ஜி, எச் இன்றி எழுதுவதை இன்றும் காணலாம். 1950 இல் காலமான நாடகாசிரியர் பேர்னாட் ஷா, ஆங்கிலத்துக்குப் புதியதோர் எழுத்துமுறை வகுக்கத் தம் மரணசாசனத்திலே பொருள் ஒதுக்கினார். அதன் பயனாக 1962 இல் அவருடைய நாடகமொன்று அப்புதிய எழுத்தில் அச்சாயிற்று. அம்முறை பொதுவழக்கில் ஏறவில்லை. எனவே, அம்மொழியை அதன் எழுத்தோடுதான் நாம் கற்றாக வேண்டும். கற்கும்போது, எந்தக் கோலம் நம்பத்தக்கது, எந்தக் கோலம் ஏமாற்றக்கூடியது என்பதைச் சொல்லிக் கொடுப்பது ஆசிரியர் கடன். முதற்பட்டியலின் எட்டுச் சொற்களில் ஏழு நம்பத்தக்கவை, எட்டாவதே புறநடை. இரண்டாம் பட்டியலிலோ நம்பத்தக்க விதியே இல்லை. இரண்டையும் ஒரே தாளின் இருபுறத்தும் அச்சிட்டு, ஒரே வகையாய் மனனஞ் செய்யப் பணித்தல் எவ்வாறு தகும்?

விளையாட்டும் கல்வியும்

சொல்லின் நீளத்தையும் எழுத்தையும் வைத்து விளையாடுவது உலகெங்கும் உள்ள இன்பம். ஆலிசின் அற்புத உலகக் கதையை எழுதிய லூயிஸ் கரல், கணித ஆசிரியர். அவர் 1877 இல் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார். ஒரே நீளமுள்ள இரு சொற்களைக் கொடுத்து, ஒவ்வொரு படியிலும் ஓரெழுத்தை மட்டும் மாற்றி, ஒன்றிலிருந்து மற்றொன்றை அடையச் சொல்வதே அது. குளிரைக் குறிக்கும் ‘கோல்ட்’ என்பதிலிருந்து கயிற்றைக் குறிக்கும் ‘கோட்’, அதிலிருந்து சொல்லைக் குறிக்கும் ‘வேட்’, அதிலிருந்து வைத்தியசாலை விடுதியைக் குறிக்கும் ‘வோட்’, அதிலிருந்து வெம்மையைக் குறிக்கும் ‘வோம்’. இவை ஐந்தும் நான்கெழுத்துச் சொற்கள். நான்கே படிகளிற் குளிர் வெம்மையாயிற்று. ஆர்தர் வின் என்பார் 1913 டிசம்பர் 21 இல் நியூயோர்க் பத்திரிகையொன்றில் வெளியிட்ட குறுக்கெழுத்துப் போட்டியும், 2021 இல் வெளிவந்து உலகைக் கவர்ந்த ‘வேர்டில்’ என்னும் ஐந்தெழுத்துச் சொல் விளையாட்டும் இதே இனத்தவை.

தண்டியலங்காரம் கற்றோருக்கு இவை வியப்பளியா. மாலைமாற்று, எழுத்துவருத்தனம், அக்கரச்சுதகம் முதலிய சித்திரகவிகளை வகுத்த மரபு நம்முடையது. எழுத்துவருத்தனத்தில் சொல் ஓரெழுத்தாய் வளரும். அக்கரச்சுதகத்தில் ஓரெழுத்தாய்க் குறையும். ஒவ்வொரு படியிலும் நிற்பது பொருளுடைய சொல்லாதல் வேண்டும் என்பதே அங்கு விதி. கரலின் விளையாட்டிலும் அதுவே விதி. இதனை நம் ஆசிரியர்கள் நன்கு மனங்கொள்ள வேண்டும். விளையாட்டுக்காகச் சொல்லை அடுக்கியவர்களும் பொருளற்ற எழுத்துக்கூட்டத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. கல்விக்காக அடுக்கும் நாமோ பொருளைப் பற்றிக் கவலைப்படாதிருக்கின்றோம்!

வகுப்பில் இவ்விளையாட்டை முதலில் தமிழிலேயே தொடங்கலாம். ‘கடல்’ என்பதில் ஓரெழுத்தை மாற்றினால் ‘மடல்’. அதில் ஓரெழுத்தை மாற்றினால் ‘மணல்’. மீண்டும் மாற்றினால் ‘தணல்’. கடற்கரையிலிருந்து அடுப்படிக்கு மூன்றே அடி. எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு இந்த நான்கு சொற்களும் கண்ணால் கண்ட பொருள்கள். சொல்லும் பொருளும் பிரியாதவை என்பதைத் தமிழில் இவ்வாறு உணர்ந்தபின், ஆங்கிலத்தில் அதே விளையாட்டை ஆடும் பிள்ளை, ‘இதற்கென்ன பொருள்?’ என்று தானாகவே கேட்கும். அந்தக் கேள்வியை எழுப்புவதே ஆசிரியரின் வெற்றி.

ஊருக்கு வந்த ஆங்கிலம்

இது வெறும் எழுத்துக்கோவைச் சிக்கல் என்று எண்ணி விட்டுவிட இயலாது. இப்பகுதியின் ஆங்கிலக் கல்விக்கு இருநூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. வெஸ்லியன் போதகர் வில்லியம் ஓல்ட் 1814 இல் மட்டக்களப்புக்கு வந்து கல்விப்பணி தொடங்கினார். அன்றுமுதல் நெடுங்காலம் ஆங்கிலம் சிலருக்கே ஏணியாயிருந்தது. நகரத்துப் பாடசாலைக்குச் சென்று கட்டணம் செலுத்தக்கூடியவர் ஏறினர். தோணியும் வயலும் நம்பி வாழ்ந்தவர் கீழே நின்றனர். கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945 இல் இலவசக் கல்வி வந்தது. தாய்மொழிக் கல்வி பரவியது. கிராமத்துப் பிள்ளையும் பல்கலைக்கழகம் செல்லும் காலம் பிறந்தது. 1987 இல் நிறைவேறிய அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது.

இன்றைய நிலை யாது? பெரியகல்லாற்று மாணவன் ஒருவன் தமிழிலேயே விஞ்ஞானம் கற்றுத் தேறி, மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ தெரிவாகலாம். தெரிவாகிச் சென்றால், அங்கே விரிவுரை ஆங்கிலத்தில், நூல் ஆங்கிலத்தில், வினாத்தாளும் ஆங்கிலத்தில். ஐந்தெழுத்துப் பட்டியல்கள் பத்தினை ஒப்புவிக்கவல்ல பிள்ளை, ஒரு பந்தியை வாசித்துக் கருத்தறிய இயலாமல் திகைத்து நிற்கும் இடம் அது. வீட்டில் ஆங்கில நூலும் பேச்சும் வாய்த்த பிள்ளைக்குப் பட்டியலிலுள்ள குறை ஒன்றும் செய்யாது. அது பொருளை வேறிடத்தில் பெற்றுக்கொள்ளும். எங்கள் ஊர்ப் பிள்ளைக்கோ பெரும்பாலும் அந்தத் தாளே ஆங்கிலம். அந்தத் தாளிற் பொருள் இல்லையென்றால், வேறெங்கும் இல்லை. இலவசக் கல்வி திறந்த கதவை வெற்றுப் பட்டியலால் மீண்டும் பாதி சாத்தலாமா?

எங்கள் கிழக்கிலங்கை ஈன்ற பெரியார் விபுலாநந்த அடிகளை இங்கு நினைவுகூர்தல் தகும். பெரியகல்லாற்றுக்குத் தெற்கே, இதே கரையோரத்துக் காரைதீவில் 1892 இல் தோன்றியவர் அவர். 1916 இல் மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் பண்டிதரானார். 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். ஆங்கிலம் கற்று அவர் செய்தது என்ன? ஷேக்ஸ்பியரின் நாடகங்களை ஆராய்ந்து ‘மதங்க சூளாமணி’யைத் தமிழுக்குத் தந்தார். சென்னையில் கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை தாங்கி, விஞ்ஞானச் சொற்களுக்குத் தமிழ்ச் சொற்கள் அமையத் துணைபுரிந்தார். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு நேர் தமிழ்ச் சொல் காண்பவன் அதன் எழுத்தை எண்ணிக்கொண்டிருக்க மாட்டான். அதன் பொருளின் ஆழத்தையும் அளவையும் பார்ப்பான். ஆங்கிலத்தைப் பொருளோடு கற்றவரால் தமிழும் வளர்ந்தது. இருமொழிப் புலமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

செய்யத்தக்கது

ஆசிரியர்கள் சிலர் இதற்கு விடையிறுப்பார்கள் என்பதை அறிவேன். ‘பாடத்திட்டத்தை முடிக்க நேரம் போதாது, வகுப்பில் நாற்பது பிள்ளைகள், பரீட்சையோ நெருங்கி வருகின்றது, பட்டியலைக் கொடுப்பதே எளிது’ என்பார்கள். அவர்களுடைய இடர்ப்பாடு மெய்யானது. நானும் கரும்பலகையின் முன் நின்று காலங் கழித்தவனே. இத்தகைய பட்டியல்களை எழுதிப் போட்டவனே. அன்று என்னிடம் கற்றவர்களில் எத்தனை பேர் எழுத்தைக் கற்று மொழியை இழந்தனரோ என்ற எண்ணம் இப்போது என்னை வருத்துகின்றது. ஆதலாற் பிறரைக் குறைகூறும் நோக்கோடு இதனை எழுதவில்லை.

பட்டியலைக் கைவிட வேண்டா, திருத்திக்கொண்டாற் போதும். ஒருநாளைக்கு இருபது சொல் வேண்டுவதில்லை; ஐந்து சொல் போதும். ஒவ்வொரு சொல்லின் அருகிலும் அதன் ஒலியைத் தமிழெழுத்தில் ஏறத்தாழவேனும் குறித்து, ஆசிரியர் வாயாற் சொல்லிக் காட்டட்டும். அடுத்துத் தமிழ்ப் பொருள் நிற்கட்டும். அதற்கடுத்துப் பிள்ளை தன் சொந்த அனுபவத்திலிருந்து ஒரு வாக்கியம் எழுதட்டும். ‘நைட்’, ‘லைட்’, ‘சைட்’ என்னும் மூன்று சொற்களையும் வைத்துக்கொண்டு, இரவில் வாவியிலே தோணிகளின் வெளிச்சம் தெரியும் காட்சியை எங்கள் ஊர்ப் பிள்ளை ஒரு வாக்கியத்தில் எழுதிவிடும். அதன்பின் அந்த மூன்று சொற்களும் அதற்கு மறவா.

புறநடைச் சொல்லை மறைக்கலாகாது. பட்டியலில் வேண்டுமென்றே அதனைச் சேர்த்து, ‘இவற்றுள் மாறி ஒலிப்பது எது?’ என்று கேட்க வேண்டும். பட்டியலை ஆசிரியரே செய்து கொடுப்பதிலும், பிள்ளைகளே தாம் வாசித்த பாடத்திலிருந்து தேடித் தொகுப்பது சிறந்தது. தேடும்போதே வாசிப்பும் நிகழ்ந்துவிடும். சொல்வதெழுதலில் சொல்லை மட்டும் எழுதச் செய்யாமல் அதனைக் கொண்ட சிறு வாக்கியத்தையும் எழுதச் செய்தால், பெற்றோர் கண்ணுக்கும் பிள்ளையின் உண்மையான முன்னேற்றம் புலப்படும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை எத்தனை சொற்களை ஒப்புவித்தது என்று எண்ணி மகிழ்வதோடு நின்றுவிடாதீர்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாமலிருக்கலாம், அதனால் குறையொன்றுமில்லை. “இந்தச் சொல்லுக்கு நம்மட தமிழில என்ன?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். அதற்கு விடை தேட முயலும் பிள்ளை, உங்களுக்கு ஆசிரியராகித் தானும் கற்றுக்கொள்ளும்.

அன்று மாலை அந்தச் சிறுமியோடு சிறிது நேரம் இருந்தேன். எட்டாவது சொல்லைக் காட்டி, “இது நீ தினமும் எண்ணுகிற எட்டுத்தான்” என்றேன். முதலில் அவள் நம்பவில்லை. தாளை வாங்கிக் கூர்ந்து பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். உடனே, “அப்ப இந்த ஜியும் எச்சும் எதுக்கு சேர் சும்மா இருக்கு?” என்று கேட்டாள். ஆய்தத்தைச் சொல்லித் தொடங்கினேன். வீட்டினுள்ளிருந்து தாயார் விளக்கேற்ற அழைக்கும் வரை அவளுடைய கேள்விகள் ஓயவில்லை. மறுநாட் சொல்வதெழுதலில் அவள் எத்தனை புள்ளி பெற்றாள் என்று நான் கேட்கவில்லை. இரண்டு நாட் கழித்து வேலியருகே என்னைக் கண்டவள், “சேர், மைட் எண்டால் வலிமை, இன்னொரு கருத்தும் இருக்கு” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

ஆசிரியப் பெருமக்கள் இதனைச் சிந்திப்பார்களாக.